சினமும் நாவும்: எகிப்தியப் பாலைவனம் முதல் பர்மிங்காம் சிறை வரை

கிறிஸ்தவ அறநெறி கோபத்தை அடக்குவதையும் நாவை அடக்குவதையும் பெரும்பாலும் ஒரே பயிற்சியாகவே எண்ணி வந்திருக்கிறது. உள்ளே மூண்ட சினம் வெளியேற முதலில் தேடும் வாசல் வாய்; கைக்கு வருவது பிறகுதான். எண்ணாகமம் 20-ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒரு துயரமான சான்று இருக்கிறது. காதேசில் தண்ணீர் இல்லாமல் மக்கள் முறுமுறுத்தபோது, பாறையிடம் பேசும்படி மோசேக்குக் கட்டளை வந்தது. அவரோ மக்களைக் கலகக்காரர் என்று ஏசிவிட்டு, கோலால் பாறையை இரண்டு முறை அடித்தார். தண்ணீர் வந்தது. ஆனால் கானானுக்குள் நுழையும் பேறு அவருக்கு இல்லாமல் போயிற்று. அதே நூல், எட்டு அதிகாரங்களுக்கு முன்பு, பூமியில் அவரைப்போல் சாந்தமானவர் எவருமில்லை என்று குறித்திருக்கிறது. 106-ஆம் சங்கீதம் இந்த நிகழ்ச்சியை நினைவுகூரும்போது, அடித்த கோலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பதறிப் பேசிய உதடுகளையே குற்றத்தின் இடமாகக் காட்டுகிறது. வாழ்நாளெல்லாம் சாந்தமாக இருந்தவரையும் ஒரு கணத்துச் சினம் வீழ்த்தக்கூடும் என்ற அச்சம் பிற்காலக் கிறிஸ்தவ ஆசிரியர்கள் பலரிடமும் உண்டு.

புதிய ஏற்பாட்டில் நாவைப் பற்றி மிக விரிவாகப் பேசுவது யாக்கோபின் நிருபம். அதன் மூன்றாம் அதிகாரத்தில் வரும் கடிவாளம், கப்பலின் சுக்கான், காட்டை எரிக்கும் சிறு நெருப்பு ஆகிய உவமைகள் பிரசங்க மேடைகளில் ஓயாமல் கேட்பவை. அந்த அதிகாரம் யாரை நோக்கித் தொடங்குகிறது என்பது மட்டும் எளிதில் மறந்துபோகிறது. போதகராக விரும்புகிறவர்களை எச்சரித்துத்தான் அது தொடங்குகிறது. பேச்சையே தொழிலாகக் கொண்டவர், மேடையும் செல்வாக்கும் உள்ளவர், தம் சொல்லுக்கு மற்றவர்களைவிடக் கடுமையான கணக்குக் கொடுக்க வேண்டியவர் என்பது யாக்கோபின் முதல் வாதம். அடுத்த வாதம் இன்னும் ஆழமானது. கடவுளை வாழ்த்தும் அதே வாய், கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட மனிதரைச் சபிக்கிறது; இது நடக்கலாகாது என்கிறார் அவர். நாவை அடக்க வேண்டியதன் காரணம் பேசுகிறவரின் கண்ணியம் மட்டுமல்ல; எதிரே நிற்பவரிடமும் அந்தக் காரணம் இருக்கிறது.

கிறிஸ்தவப் போதனை தன் காலத்து மெய்யியலிலிருந்து பிரியும் இடம் இதுதான். முதல் நூற்றாண்டு ரோமாபுரியில் ஸ்தோயிக்க மெய்யியலாளர் செனெக்கா கோபத்தைப் பற்றி மூன்று பகுதிகளாக ஒரு நூல் எழுதினார். கோபம் தற்காலிகப் பைத்தியம், அதை மட்டுப்படுத்துவது போதாது, வேரோடு களைய வேண்டும் என்பது அவர் துணிபு. ஒவ்வோர் இரவும் விளக்கை அணைத்தபின் அன்றைய சொல்லையும் செயலையும் தாமே விசாரித்துப் பார்க்கும் வழக்கத்தையும் அவர் விவரித்திருக்கிறார். கிறிஸ்தவர்கள் அவரை விரும்பிப் படித்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் பிராகா நகரின் ஆயர் மார்ட்டின், செனெக்காவின் நூலைச் சுருக்கித் தம் கால வாசகருக்குத் தந்தார். ஆயினும் ஸ்தோயிக்க ஞானியின் இலக்கு அசைவற்ற தன் மனம். மலைப்பிரசங்கம் வேறிடத்தில் கண் வைக்கிறது.

மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு கொலைக்கு எதிரான கட்டளையை எடுத்துக்கொண்டு, அதை மனத்துக்கும் வாய்க்கும் நீட்டுகிறார். அவர் சொல்லும் மூன்று குற்றங்களில் ஒன்று கோபம். மற்ற இரண்டும் வசைச்சொற்கள். உடனே அவர் காட்டும் காட்சி பலிபீடத்தின் முன் நடக்கிறது. காணிக்கையோடு நிற்பவனுக்குத் தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டு என்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாக வேண்டும். நிற்பவனுக்குக் கோபம் இருப்பதாக அந்தக் காட்சியில் எங்கும் சொல்லப்படவில்லை. அவன் மனம் அமைதியாகவே இருக்கலாம். சினந்திருப்பவன் வேறொருவன், அந்தச் சினத்துக்கும் இவனே பொறுப்பேற்று நடக்க வேண்டும். தன் கோபத்தை அடக்கிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறவருக்கு இந்தப் பகுதி இடம் கொடுப்பதில்லை.

இதே பகுதியில் ஒரு பழைய பாடவேறுபாடும் உண்டு. தமிழில் நெடுங்காலம் வழங்கிவரும் பழைய மொழிபெயர்ப்பு, நியாயமில்லாமல் கோபிப்பவனையே குற்றவாளி ஆக்குகிறது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அந்த அடைமொழி இல்லை. இரண்டும் வெவ்வேறு கிரேக்கப் பாடங்களைப் பின்பற்றுகின்றன. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் சுவடியிலும் சீனாய்ச் சுவடியின் முதல் எழுத்திலும் அந்த அடைமொழி காணப்படவில்லை. பிற்காலச் சுவடிகள் பலவற்றில் இருக்கிறது. அது பின்னால் நுழைந்தது, நீக்கப்பட வேண்டியது என்று எரோனிமு வாதிட்டார். நுழைந்ததற்குக் காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. கட்டளை அவ்வளவு கடுமையாக இருந்தது. கோபித்தவர் எவரும் தம் கோபத்துக்கு நியாயம் இல்லை என்று எண்ணுவதில்லை. அதனால் அந்த ஒரு சொல் எல்லாருக்கும் தப்பிச் செல்லும் வழியாகிவிடும் ஆபத்து உண்டு.

எனினும் கோபம் எல்லாவற்றையும் பாவம் என்று தள்ளவும் சுவிசேஷங்கள் விடவில்லை. ஓய்வுநாளில் சூம்பின கையுள்ளவனைக் குணமாக்குவதற்கு முன், குற்றம் பிடிக்கக் காத்திருந்தவர்களை இயேசு சினத்தோடு பார்த்தார் என்று மாற்கு எழுதுகிறார். அதே மூச்சில், அவர்களுடைய மனக்கடினத்துக்காக அவர் வருந்தினார் என்றும் சேர்க்கிறார். மத்தேயுவும் லூக்காவும் இதே நிகழ்ச்சியைச் சொல்லும்போது சினத்தைக் குறிப்பிடவில்லை. கோபமும் துக்கமும் ஒன்றாக வந்த அந்தப் பார்வையைத்தான் பின்வந்தோர் நற்சினத்துக்கு அடையாளமாகக் கொண்டார்கள். பவுல் எபேசியருக்கு எழுதும்போது, கோபத்தை ஒரு கணம் ஏற்றுக்கொண்டு அதற்குச் சூரிய அஸ்தமனத்தை எல்லையாக வைக்கிறார். சில வரிகள் தாண்டியதும் எல்லாக் கோபத்தையும் கூச்சலையும் தூஷணத்தையும் அகற்றச் சொல்கிறார். இந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் உள்ள இழுபறி அடுத்த ஆயிரம் ஆண்டுச் சிந்தனையை நடத்திச் சென்றது.

பாலைவனத்துத் துறவிகள்

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் நீத்ரியா, கெல்லியா, ஸ்கேத்திஸ் ஆகிய பாலைவனக் குடியிருப்புகளில் திரளான துறவிகள் வாழ்ந்தார்கள். வீடு, நிலம், மனைவி மக்கள், ஊர்ப் பெருமை எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள் அவர்கள். விட முடியாமல் கூடவே வந்தது கோபம். அவர்களுடைய முதுமொழித் தொகுப்புகளில் இதைப் பற்றிய ஒப்புதல்கள் மனத்தைத் தொடுகின்றன. அம்மோனாஸ் என்ற துறவி, கோபத்தை வெல்லும் வரம் கேட்டுப் பதினான்கு ஆண்டுகள் இரவும் பகலும் ஸ்கேத்திஸில் வேண்டிக்கொண்டார். ஸ்கேத்திஸின் குருவான இசிதோர், துறவியான நாள் முதலாகக் கோபத்தைத் தொண்டைக்கு மேலே ஏற விடாமல் இருக்க முயன்று வருவதாகச் சொன்னார். மனத்தில் கோபம் எழுவதில்லை என்று அவர் சொல்லவில்லை. காவல் வைத்த இடம் தொண்டை. அகத்தோன் மூன்று ஆண்டுகள் வாயில் ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டு மௌனம் பழகினார். குள்ள யோவான், கூடைகள் முடைவதற்கான கயிற்றைச் சுமந்து ஸ்கேத்திஸ் செல்லும் வழியில், ஓர் ஒட்டகக்காரன் பேசிய பேச்சு தமக்குக் கோபமூட்டுவதை உணர்ந்ததும் சரக்கை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார்.

இந்தப் பட்டறிவை ஒழுங்குபடுத்தி எழுதியவர் எவாகிரியுஸ். கருங்கடல் கரையில் உள்ள பொந்து நாட்டில் பிறந்து, கான்ஸ்தாந்திநோபிளில் திருத்தொண்டராகப் புகழ்பெற்று, பிறகு எல்லாவற்றையும் விட்டுப் பாலைவனம் சேர்ந்து 399-இல் கெல்லியாவில் இறந்தவர். மனிதரை அலைக்கழிக்கும் தீய எண்ணங்களை எட்டு என்று அவர் வகுத்தார். அவற்றில் ஒன்று கோபம். பிற்காலத்தில் இந்த எட்டு ஏழாகி, தமிழ்நாட்டுக் கத்தோலிக்கச் சிறுவர்கள் ஞான உபதேசத்தில் ஒப்புவிக்கும் ‘தலையான பாவங்கள் ஏழு’ என்ற பட்டியலாக வந்து சேர்ந்தது. கோபம் அந்தப் பட்டியலில் தன் இடத்தை இழக்கவே இல்லை.

எவாகிரியுஸின் கவனிப்பு ஒரு மருத்துவருடையதைப் போன்றது. கோபம் ஜெப வேளையில்தான் மனத்தைப் பலமாகப் பற்றுகிறது, தீங்கு செய்தவரின் முகத்தைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது என்கிறார். நீடித்தால் அது வன்மமாகி, இரவில் நச்சு விலங்குகள் துரத்தும் கனவுகளாக வெளிப்படும் என்றும் குறிக்கிறார். மருந்தாக அவர் தருபவை சங்கீதம் பாடுதல், பொறுமை, இரக்கம். அத்துடன், மனத்தாங்கல் உள்ளவருக்கு ஒரு பரிசு கொடுக்கவும் சொல்கிறார். யாக்கோபு தன்மேல் சினந்திருந்த ஏசாவுக்கு முன்கூட்டியே வெகுமதிகள் அனுப்பியதை இதற்குச் சான்றாக்குகிறார். கொடுக்க ஒன்றுமில்லாத ஏழைத் துறவி, அந்த மனிதரைச் சாப்பிட அழைத்தால் போதும்.

அவர் சொன்னவற்றுள் மிகக் கூர்மையானது தனிமையைப் பற்றியது. சகோதரர்களோடு மனக்கசப்பு வந்தபோது, தனியே போய்விடு, அமைதி கிடைக்கும் என்று ஓர் எண்ணம் உள்ளே பேசும். அது தீய ஆவியின் ஆலோசனை, கசப்பின் காரணத்தைத் தீர்க்க விடாமல் செய்யும் தந்திரம் என்று அவர் எச்சரித்தார். தனிமையையே வாழ்க்கையாகத் தேர்ந்த ஒருவர் இதைச் சொன்னது சிறிய காரியம் அல்ல. 553-இல் அவருடைய இறையியல் கருத்துகள் சில கண்டனத்துக்கு உள்ளானபின், ஜெபத்தைப் பற்றிய அவருடைய நூல் நீலுஸ் என்பவரின் பெயரில் கைமாறி வந்தது. ஆசிரியரின் பெயரை விட்டாலும் அறிவுரையை விடத் திருச்சபையால் முடியவில்லை.

அவருடைய சிந்தனையை மேற்குக்குக் கொண்டுசென்றவர் யோவான் காசியன். எகிப்தில் பல ஆண்டுகள் பயின்று, சுமார் 415-இல் மார்செய்யில் மடங்களை நிறுவியவர். துறவு ஒழுக்கம் பற்றிய அவருடைய நூலின் எட்டாம் பகுதி முழுவதும் கோபத்துக்கு உரியது. பாலைவனத்தில் எவருமில்லாமல் இருந்த நாட்களில் தமக்கு நாணல் பேனாவின் தடிப்பைக் கண்டும், மழுங்கிய கத்தியைக் கண்டும், தீப்பொறி உடனே தராத சிக்கிமுக்கிக் கல்லைக் கண்டும் ஆத்திரம் வந்ததை அவர் அங்கே ஒப்புக்கொள்கிறார். திட்டுவதற்கு ஆள் இல்லாவிட்டாலும் வாய் திட்டியது. உயிரற்ற பொருளைச் சபித்தது. கோபத்தின் காரணம் பிறருடைய குற்றம் அல்ல, தம் பொறுமையின்மையே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்பது அவர் முடிவு.

காசியன் நியாயமான கோபம் என்ற வகையையே ஏற்கவில்லை. கண்ணின்மேல் வைத்தது தங்கத் தகடானாலும் ஈயத் தகடானாலும் பார்வை ஒருபோல மறைகிறது என்பது அவர் உவமை. மலைப்பிரசங்கத்தின் அந்த அடைமொழியையும் அவர் மறுத்தார். சூரிய அஸ்தமனத்தைக் கெடுவாக எடுத்துக்கொண்டு அதுவரை கோபத்தை வைத்திருக்கலாம் என்பவர்களையும் கண்டித்தார். ஒரே ஒரு கோபத்துக்கு மட்டும் இடம் கொடுத்தார்: ஒருவர் தம் சொந்தத் தீக்குணத்தின்மேல் கொள்ளும் கோபம்.

அவர் எழுதிய உரையாடல்களில் பதினாறாவது, யோசேப்பு என்ற முதிய துறவி நட்பைப் பற்றிப் பேசுவதாக அமைந்தது. இந்த விஷயத்தில் கிறிஸ்தவ இலக்கியம் தந்த மிக நுட்பமான பக்கங்கள் அங்கே இருக்கின்றன. சிலர் வாய் திறப்பதில்லை; ஆனால் அவர்களுடைய மௌனமும் முகமும் எதிரில் இருப்பவரை வசையைவிட அதிகமாகப் புண்படுத்துகின்றன. சிலர் கோபம் வந்ததும் சாப்பாட்டை மறுக்கிறார்கள். மற்ற நாட்களில் பசி பொறுக்காதவர்கள் சினத்தின் பலத்தில் பட்டினி கிடக்கிறார்கள். சிலர் மற்றக் கன்னத்தையும் காட்டுகிறார்கள். அடிப்பவனை மேலும் வெறியேற்றவே அப்படிச் செய்கிறார்கள். இவற்றை யோசேப்பு பொறுமை என்று ஏற்பதில்லை. தான் பேசாமலிருந்ததால் குற்றமற்றவன் என்று எண்ணும் துறவி, சகோதரனின் நெஞ்சில் எரியும் நெருப்புக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். பலிபீடக் காட்சியின் தர்க்கம் இங்கே மௌனத்துக்கும் நீட்டப்படுகிறது. குடும்பங்களில் நாள்கணக்கில் பேசாமலிருந்து, அதையே சாந்தம் என்று பெயரிட்டுக்கொள்ளும் வழக்கத்தை அறிந்தவர்கள் இந்தப் பக்கங்களை எளிதில் கடக்க முடியாது.

போய்மேன் என்ற துறவியும் இதையே வேறு விதமாகச் சொன்னார். வாய் மூடியிருந்தும் உள்ளத்தில் பிறரைத் தீர்ப்பிடுகிறவர் ஓயாமல் பேசுகிறவர். காலை முதல் மாலை வரை பேசியும் பயனற்றது ஒன்றும் பேசாதவரே மௌனம் காப்பவர். இந்த மரபில் சண்டை போடத் தெரியாத இரண்டு முதியவர்களின் கதையும் வழங்குகிறது. மற்றவர்களைப்போல நாமும் ஒருமுறை சண்டையிட்டுப் பார்ப்போம் என்று தீர்மானித்து, நடுவில் ஒரு செங்கல்லை வைத்து, ஆளுக்கு ஆள் அது தன்னுடையது என்று சொல்வதாக ஏற்பாடு. ஒருவர் தன்னுடையது என்றார். மற்றவரும் தன்னுடையது என்றார். முதலாமவர், அப்படியானால் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். சண்டை அதோடு முடிந்தது.

வீட்டுக்குள்

துறவிகளின் அறிவுரையை இல்லறத்துக்குக் கொண்டுவரும்போது ஒரு கடினமான கேள்வி எழுகிறது. 397-க்குப் பின் எழுதிய தம் வாழ்க்கை வரலாற்றின் ஒன்பதாம் பகுதியில் அகுஸ்தீனார் தம் தாய் மோனிக்காவை நினைவுகூருகிறார். தந்தை பத்ரீசியு முன்கோபி. அவர் கொதிக்கும் வேளையில் மோனிக்கா செயலாலும் சொல்லாலும் எதிர்த்து நிற்கமாட்டார். தணிந்தபின், தாம் செய்ததன் காரணத்தை எடுத்துச் சொல்வார். ஒருவரோடொருவர் பகைத்த இரண்டு பெண்கள் தனித்தனியே வந்து மற்றவரைப் பற்றிக் கொட்டினால், ஒப்புரவுக்கு உதவுவதை மட்டுமே இருவரிடமும் சொல்வார். நாவடக்கத்தின் செயல்வடிவம் என்று இந்த இரண்டாவது பழக்கத்தைச் சொல்லலாம். கேட்டதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பது நேர்மை என்று பெயர் பெற்றுவிடும் இடங்களில், எதைச் சொல்லாமல் விடுவது என்று அறிந்திருந்த பெண் அவர்.

ஆனால் அதே பக்கத்தில், கணவர்களிடம் அடிபட்டு முகத்தில் தழும்போடு வரும் தோழியருக்கும் மோனிக்கா தம் வழியையே கற்பிக்கிறார். அகுஸ்தீனார் அதைப் பாராட்டுகிறார். இதைப் பாராட்டோடு படித்துவிட்டுப் போவது சரியல்ல. பொறுமையை அடிபடுகிறவருக்கும், அடக்கத்தை ஒடுக்கப்பட்டவருக்கும் மட்டும் போதிக்கும் பழக்கம் திருச்சபைகளில் நெடுங்காலம் இருந்திருக்கிறது. அது இந்த மரபைத் தலைகீழாக்குகிறது. ஏறக்குறைய அதே காலத்தில் யோவான் கிறிசோஸ்தோம், கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தின்மேல் ஆற்றிய 26-ஆம் மறையுரையில், மனைவியை அடிக்கும் கணவனை நேரடியாகத் தாக்கினார். அடிக்கிறவனோடு வாழும்படி பெண்ணைக் கட்டாயப்படுத்தாத புறமதச் சட்டங்களைச் சுட்டிக்காட்டி, கிறிஸ்தவர் அதைவிடத் தாழ்ந்து போகலாமா என்ற தோரணையில் பேசினார். யாக்கோபு போதகர்களை நோக்கித் தொடங்கியதைப்போல, கிறிசோஸ்தோம் இங்கே கையில் பலமுள்ளவரை நோக்கிப் பேசுகிறார். கோபத்தை அடக்கும் கட்டளை முதலில் விழ வேண்டிய இடம் அதுவே.

மடத்துச் சட்டமும் பள்ளியின் வகைப்பாடும்

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் எழுதிய ஒழுங்கு 73 அதிகாரங்கள் கொண்டது. ஆறாம் அதிகாரம் பேச்சடக்கத்துக்கு உரியது. நல்ல பேச்சையும் சில வேளை விட்டுவிடச் சொல்கிறது. அதைவிட அன்றாடத்துக்கு நெருக்கமானவை வேறு இரண்டு இடங்கள். ஒன்று, காலையிலும் மாலையிலும் மடத்தலைவர் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எல்லார் காதிலும் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும் என்ற விதி. சேர்ந்து வாழ்வதில் முளைக்கும் மனத்தாங்கல் முட்கள், மன்னிப்பைக் கேட்டு மன்னிப்பை வாக்களிக்கும் அந்த ஜெபத்தால் நாள்தோறும் களையப்படும் என்பது காரணம். மற்றொன்று, பண்டசாலைப் பொறுப்பாளருக்குச் சொல்லப்பட்டது. கேட்ட பொருள் இல்லையென்றால் நல்ல வார்த்தையையாவது கொடுக்க வேண்டும். கேட்டது முறையற்றதானாலும் இகழ்ச்சியாகப் பேசி அனுப்பாமல், காரணத்தைப் பணிவாகச் சொல்லி மறுக்க வேண்டும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் இது பொருந்தும்.

அதே நூற்றாண்டின் இறுதியில் பெரிய கிரகோரியார், யோபு நூலுக்கு எழுதிய விளக்கத்தில், கோபம் பெற்றெடுக்கும் பிள்ளைகளைப் பட்டியலிட்டார்: சச்சரவு, மனவீக்கம், வசை, கூச்சல், சீற்றம், தெய்வநிந்தை. வசை, கூச்சல், நிந்தை ஆகிய மூன்றும் வாயில் பிறப்பவை. 13-ஆம் நூற்றாண்டில் டொமினிக் சபைத் துறவி வில்லியம் பெரால்துஸ் இன்னும் ஒரு படி போனார். தீக்குணங்களைப் பற்றிய தம் பெருநூலில், ஏழு தலையான பாவங்களுக்குப் பிறகு நாவின் பாவங்களுக்கென்று தனிப் பகுதி சேர்த்து 24 வகைகளை விளக்கினார். பிரசங்கிகள் அந்நூலைக் கையேடாகப் பயன்படுத்தினார்கள்.

தோமா அக்குவினாஸ் காசியனோடு மாறுபடுகிறார். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, அறிவுக்குப் பின்னால் நடக்கும் கோபம் பாராட்டத்தக்கது என்றும், சினக்க வேண்டிய இடத்தில் சினக்காமலிருப்பதும் குற்றமாகலாம் என்றும் எழுதினார். ஆனால் கோபத்தின் தனி ஆபத்தை அவர் மறைக்கவில்லை. கோபம் நீதியின் உருவத்தில் வருகிறது. தண்டனை கிடைக்க வேண்டும் என்ற விருப்பமாக வருகிறது. அதனால் கோபிக்கிறவர் தம்மை நீதிமானாகவே காண்கிறார்.

அவருடைய இறையியல் தொகுப்பில் சொற்குற்றங்களுக்கான பகுதிகள் வழக்கறிஞரின் கூர்மையோடு எழுதப்பட்டவை. முகத்துக்கு நேரே வைவது ஒருவரின் மரியாதையைத் தாக்குகிறது; புறங்கூறுவது நற்பெயரைத் தாக்குகிறது; கோள் சொல்வது நட்பைப் பிரிக்கிறது. மூன்றாவது இரண்டாவதைவிடக் கொடியது, ஏனெனில் நண்பர் நற்பெயரைவிட மேலான செல்வம். புறங்கூறல் திருட்டைவிடக் கொடியது. பொய் சொல்வது மட்டுமே புறங்கூறல் என்று எண்ண வேண்டாம் என்றும் அவர் எச்சரித்தார்: உள்ளதைப் பெரிதாக்குவதும், மறைவான உண்மைக் குறையைத் தேவையின்றி வெளியிடுவதும், நற்செயலுக்குக் கெட்ட நோக்கம் கற்பிப்பதும், பாராட்ட வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே வாய் மூடுவதும் அதில் அடங்கும். தடுக்கக்கூடிய நிலையில் இருந்தும் விருப்பத்தோடு கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் பங்கு உண்டு. கெடுத்த பெயரைத் திருப்பிக் கொடுக்கும் கடமையும் உண்டு. கைப்பேசியில் வந்ததை ஒரு தொடுதலில் ஐம்பது பேருக்கு அனுப்பும் காலத்தில், உண்மைதானே என்ற ஒரே சாக்கு போதாது என்ற இந்த 13-ஆம் நூற்றாண்டுத் தீர்ப்பு மிகவும் பொருத்தமானது.

சீர்திருத்தத்துக்குப் பின்

மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில், பொய்ச்சாட்சிக்கு எதிரான கட்டளையை அன்றாடப் பேச்சுக்கு விரித்தார். அயலாரின் பாவத்தை அறிந்திருப்பது ஒன்று, அதைத் தீர்ப்பிட்டு ஊருக்குப் பரப்புவது வேறொன்று. அதிகாரப் பொறுப்பு இல்லாதவர் அறிந்த குற்றத்தை அந்த மனிதரிடமே போய்ச் சொல்ல வேண்டும். பகிரங்கமாகச் செய்யப்பட்ட தீமையை மட்டுமே பகிரங்கமாகக் கண்டிக்கலாம். இவ்வளவு தெளிவாக எழுதிய கைதான், 1525-இல் கலகம் செய்த குடியானவர்களை இரக்கமின்றி வெட்டச் சொன்னது. 1543-இல் யூதர்களுக்கு எதிராகப் பயங்கரமான நூலை எழுதியது. கோபம் வந்தால் தமக்கு எழுத்தும் ஜெபமும் பிரசங்கமும் நன்றாக வருகின்றன என்று லூத்தர் மேசைப் பேச்சில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. சத்தியத்துக்காகக் கோபிக்கிறோம் என்ற நம்பிக்கை ஒரு பேராசானின் நாவையும் எங்கே கொண்டுபோகும் என்பதற்கு 1543-ஆம் ஆண்டு நூல் மறக்கக்கூடாத சான்று. தங்கத் தகடு என்று காசியன் சொன்னதன் பொருள் இங்கே விளங்குகிறது.

இங்கிலாந்தில் ஜோசப் பட்லர் 1726-இல் வெளியிட்ட பதினைந்து மறையுரைகளில் ஒன்று நாவை ஆள்வது பற்றியது. இரண்டு, வன்மத்தையும் மன்னிப்பையும் பற்றியவை. திடீர்க் கோபம் தற்காப்புக்காக மனித இயல்பில் அமைந்தது. நிதானித்து எழும் மனக்கொதிப்போ அநீதிக்கு எதிரானது. இரண்டுக்கும் பயன் உண்டு. மன்னிப்பு என்பது அந்தக் கொதிப்பு இல்லாமலிருப்பது அல்ல. அந்தக் கொதிப்பு அளவு மீறி, தீங்கு செய்தவரைச் சக மனிதராகக் காண முடியாமல் செய்துவிடுவதைத் தடுப்பதே மன்னிப்பு. நாவைப் பற்றி அவர் கண்டுபிடித்தது இன்னும் எளிமையானது, இன்னும் சங்கடமானது. அவதூறுகளில் பெரும்பகுதி பகையால் பிறப்பதில்லை. பேசிக்கொண்டே இருக்க வேண்டும், கேட்பவர் கவனம் தம்மீது இருக்க வேண்டும் என்ற ஆசையே அவற்றைப் பெற்றெடுக்கிறது. சொல்ல வேறு ஒன்றும் இல்லாதபோது, இல்லாதவரைப் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது.

டீட்ரிக் போன்ஹோபர் ஜெர்மனியில் நாஜி அரசுக்குப் பணிய மறுத்த திருச்சபையின் இறையியல் பள்ளியை 1935 முதல் ஃபிங்கன்வால்டேயில் நடத்தினார். அங்கே ஒரு விதி இருந்தது: கூட இல்லாத சகோதரரைப் பற்றி யாரும் பேசக்கூடாது; தவறிப் பேசிவிட்டால் அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். அந்த விதி மீறப்பட்டதும் மீண்டும் எடுத்துக்கொள்ளப்பட்டதும் மாணவர்களுக்கு மறையுரைகளுக்கு ஈடான பாடமாக இருந்தன என்று அவருடைய நண்பர் எபர்ஹார்ட் பெத்கே பதிவு செய்திருக்கிறார். 1937-இல் கெஸ்டப்போ பள்ளியை மூடியது. 1945 ஏப்ரல் 9 அன்று போன்ஹோபர் தூக்கிலிடப்பட்டார். இல்லாத தோழரைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று கற்பித்த அதே மனிதர், துன்புறுத்தப்பட்ட யூதர்களுக்காகத் திருச்சபை வாய் திறந்தே ஆகவேண்டும் என்று 1933-லேயே எழுதியிருந்தார். இரண்டும் ஒரே ஒழுக்கத்திலிருந்து வந்தவை: பேச்சும் மௌனமும் அடுத்தவரின் நலத்தால் அளக்கப்படுகின்றன.

அமெரிக்கக் குடிமையுரிமைப் போராட்டத்தில் இந்த ஒழுக்கம் ஒரு மக்கள் இயக்கத்தின் பயிற்சியாயிற்று. 1956 ஜனவரி 30 இரவு, மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டின்மேல் குண்டு வீசப்பட்டது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள். ஆயுதங்களோடு கூடிய கறுப்பின மக்களைக் கிங் வாசலில் நின்று அமைதிப்படுத்தி அனுப்பினார். கூட்டம் கலைந்தபின், உறக்கம் வராத அதே இரவில் தமக்குள் கோபம் பொங்கியதையும், வெறுப்பின் விளிம்பில் தம்மைத் தாமே பிடித்து நிறுத்தியதையும் அவர் பின்னர் எழுதினார். 1963-இல் பர்மிங்காமில் போராட வந்த தொண்டர்கள் பத்து உறுதிமொழிகள் கொண்ட அட்டையில் கையெழுத்திட்டார்கள். நாள்தோறும் இயேசுவின் வாழ்வையும் போதனையையும் தியானிப்பதும், நண்பரிடமும் எதிரியிடமும் மரியாதையோடு நடப்பதும் அவற்றில் அடங்கும். கையின் வன்முறையோடு நாவின் வன்முறையையும் உள்ளத்தின் வன்முறையையும் விலக்குவதாகவும் அவர்கள் வாக்களித்தார்கள்.

அந்த ஏப்ரலில் கிங் சிறையில் இருந்தபோது, வெள்ளையின மதத் தலைவர்கள் எட்டுப் பேர் அவருடைய போராட்டம் காலத்துக்குப் பொருந்தாதது என்று அறிக்கை விட்டார்கள். செய்தித்தாளின் ஓரங்களில் எழுதத் தொடங்கிய அவருடைய பதில் ஏப்ரல் 16 என்று தேதியிட்டது. காத்திருக்கச் சொன்னவர்களுக்கு, காத்திருந்த தலைமுறைகளின் அவமானங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லும் நீண்ட வாக்கியம் அதில் இருக்கிறது. அதன் சினத்தை உணராமல் படிக்க முடியாது. ஆயினும் எதிர்த்தவர்களை அவர் உடன் ஊழியர்களாகவே விளிக்கிறார். அவர்களுடைய நல்லெண்ணத்தை முதலிலேயே ஏற்றுக்கொள்கிறார். கடிதத்தின் இறுதியில் இரண்டு மன்னிப்புகள் கேட்கிறார். உண்மையை மிகைப்படுத்தி, நியாயமற்ற பொறுமையின்மையைக் காட்டியிருந்தால் அந்த எட்டுப் பேரும் தம்மை மன்னிக்க வேண்டும் என்கிறார். உண்மையைக் குறைத்துச் சொல்லி, சகோதரத்துவத்துக்குக் குறைந்த எதற்கும் பொறுமையாக இசைந்திருந்தால் கடவுள் மன்னிக்க வேண்டும் என்கிறார்.